வெர்ஷன் மீது பழி போடாதீர்கள்

ஆட்டையாம்பட்டியில் எந்த டிடிபி கடைக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். பென் டிரைவில் கொண்டுவந்த மனு திறக்கவில்லை என்றால் “வெர்ஷன் பிரச்சினைங்க.” திறந்து, எழுத்தெல்லாம் குப்பையாக வந்தாலும் “வெர்ஷன் பிரச்சினைங்க.” மூன்று பக்கத்தில் முடிந்த தீர்மான நகல் நான்காம் பக்கத்துக்கு வழிந்தாலும் அதே பதில். சேலத்து அலுவலகங்களில் கேட்டாலும் ராசிபுரத்து அச்சகத்தில் கேட்டாலும் மாற்றுக் கருத்து கிடையாது. கூடவே மருந்தும் சொல்லிவிடுவார்கள்: பழைய வேர்டையே வைத்துக்கொண்டிருந்தால் இப்படித்தான், புதுசு போட்டுக்கொள்ளுங்கள், எல்லாம் சரியாகும்.

எல்லாம் சரியாகாது. புதுசு போட்டவர்களிடமே கேட்டுப் பாருங்கள். நேற்று வரை பழைய கணினியில் வந்த அதே குப்பை, இன்று புதுக் கணினியில் இன்னும் பளிச்சென்று வருகிறது, அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கையை நான் எதிர்ப்பது கணினி அறிவைக் காட்டிக்கொள்வதற்காக அல்ல. நடப்பது என்ன என்பதை அது தப்பாகச் சொல்கிறது. அதைவிட மோசம், அந்தத் தப்பை வைத்துக்கொண்டு செலவை யார் தலையில் கட்டக்கூடாதோ அவர் தலையில் கட்டுகிறது. படிக்க முடியாத ஃபைலை அனுப்பிய அலுவலகம் நிம்மதியாக இருக்கிறது. அதைத் திறக்க வழியில்லாமல் நிற்கிற, முறுக்கு சுடுகிற அம்மா குற்றவாளியாகிவிடுகிறார்.

இந்த ஊரில் அப்படி என்ன ஃபைல் கை மாறுகிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். முறுக்கும் விசைத்தறியும்தான் ஆட்டையாம்பட்டி என்றால், இரண்டுக்கும் பின்னால் கட்டுக்கட்டாகத் தாள் இருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுவின் தீர்மானம், கடன் விண்ணப்பம், வரவு செலவு. முறுக்குப் பாக்கெட்டின் பின்பக்கம் அச்சிட வேண்டிய உணவுப் பாதுகாப்பு விவரங்கள். தறிக்காரர்கள் கூலி பற்றியும் மின் கட்டணம் பற்றியும் எழுதும் மனுக்கள். கும்பாபிஷேகப் பத்திரிகை, பள்ளி ஆண்டு மலர், வாடகை ஒப்பந்தம், பட்டா மாறுதல் விண்ணப்பம். ஒரு மனு கடையில் வேர்டு 2007-இல் அடிக்கப்படும். வாட்ஸாப்பில் தலைவரின் ஃபோனுக்குப் போகும். அங்கிருந்து பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் போய், அவர் கூகுள் டாக்ஸில் இரண்டு வரி திருத்துவார். கடைசியில் அலுவலகத்தில் புத்தம் புது வேர்டில் திறக்கப்படும். நான்கு கை, நான்கு மென்பொருள். எந்தக் கட்டத்தில் கெட்டது என்று யாரும் பார்ப்பதில்லை. எல்லாவற்றிலும் பழைய கணினி யாருடையது என்று பார்த்து, பழியை அங்கே இறக்கிவிடுகிறார்கள்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு நியாயமான வரலாறு உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. வேர்டு 97 வந்தபோது அதன் ஃபைலை வேர்டு 95 வைத்திருந்தவர்களால் அப்படியே திறக்க முடியவில்லை. 2007-இல் டாக் என்ற ஃபைல் வடிவம் போய் டாக்எக்ஸ் வந்தது. 2003 வைத்திருந்தவர்கள் மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்த ஓர் ஒட்டு மென்பொருளைப் போட்டுக்கொண்டால்தான் அதைத் திறக்க முடிந்தது. அந்த ஒட்டு மென்பொருளையும் 2018-இல் விலக்கிக்கொண்டார்கள். விண்டோஸ் எக்ஸ்பியில், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்றமான யுனிகோடில் தமிழ் தெரிய வேண்டுமானால் சிக்கலான எழுத்து முறைகளுக்கான ஒரு பெட்டியில் டிக் அடித்து, விண்டோஸ் சிடியைச் செருக வேண்டியிருந்தது. சிடி இல்லாதவர்களுக்குத் தமிழ் கட்டம் கட்டமாக வந்தது. அச்சுத் தொழிலில் இதைவிட அதிகம். கோரல்டிராவில் புது வெர்ஷனில் சேமித்தது பழைய வெர்ஷனில் திறக்கவே திறக்காது. அதனால்தான் கடைக்காரர்கள் அனுப்பும் முன் “எந்த வெர்ஷன் வெச்சிருக்கீங்கண்ணா?” என்று கேட்டுவிட்டு இறக்கிச் சேமிக்கிறார்கள். பேஜ்மேக்கரின் கடைசி வெர்ஷனான 7.0, 2001-இல் வந்தது. அதற்கு யுனிகோடு தமிழ் தெரியாது. இன்டிசைனில் இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் வசதி 2012-இல் வந்த சிஎஸ்6-இல்தான் கிடைத்தது. இத்தனை வருடம் இதையே பட்டு அனுபவித்தவர்கள், வேர்டு ஃபைல் கெட்டாலும் வெர்ஷன்தான் என்று சொல்வதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் கோரல்டிராவின் நோயை வேர்டுக்குச் சொல்லக் கூடாது. டாக்எக்ஸ் ஃபைலுக்குள்ளே, எந்தத் தலைமுறை வேர்டின் நடத்தைப்படி அதைக் காட்ட வேண்டும் என்று ஓர் எண் எழுதியிருக்கும். 2007-க்கு 12. 2010-க்கு 14. 2013-க்கு 15. அதற்குப் பிறகு 2016 வந்தது, 2019 வந்தது, 2021 வந்தது, மாதச் சந்தா வேர்டும் வந்தது. எண் இன்னும் 15-தான். அதாவது தயாரிக்கிற நிறுவனமே 2013-க்குப் பிறகு அந்த எண்ணைக் கூட்டவில்லை. 2016-இல் அடித்தது 2021-இல் அலங்கோலமாகத் தெரிந்தால் அதற்கு வெர்ஷனைக் காரணம் காட்டுவது, பார்க்காமலே சொல்லும் பதில்.

அப்படியானால் காரணம் என்ன? நீங்களே பார்க்கலாம். ஒரு டாக்எக்ஸ் ஃபைலை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரின் கடைசியில் இருக்கும் டாக்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறங்கள். உள்ளே பல ஃபோல்டர்கள் இருக்கும். வேர்டு என்ற ஃபோல்டருக்குள் டாகுமெண்ட் என்ற பெயரில் ஓர் எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும். அதை நோட்பேடில் திறந்தால் நீங்கள் அடித்த வாசகம் அதில் இருக்கும். யுனிகோடில் அடித்திருந்தால் குறியீடுகளுக்கு நடுவே ‘தமிழ்’ என்று தமிழாகவே தெரியும். பாமினி என்ற ஃபாண்டில் அடித்திருந்தால் அங்கே தமிழே இருக்காது. ‘தமிழ்’ இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் இருக்கும். பாமினி செய்வதெல்லாம், ஜே என்ற எழுத்துக்கு ‘த’ என்ற படத்தையும் கே என்ற எழுத்துக்கு ‘ம’ என்ற படத்தையும் காட்டுவதுதான். அந்த ஃபாண்ட் இல்லாத கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்து. வானவில், செந்தமிழ், ஸ்ரீலிபி என்று பெயர் மாறினாலும் வேலை இதே மாதிரிதான், எந்த எழுத்துக்கு எந்தப் படம் என்ற பட்டியல் மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஃபைலுக்குள் தமிழே இல்லாதபோது எந்தப் புது வேர்டு அதைத் தமிழாகக் காட்டும்? வேர்டு சரியாகத்தான் நடந்துகொள்கிறது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, அது ஆங்கில எழுத்தைக் காட்டுகிறது. ஃபோனுக்கு அனுப்பினால் இன்னும் தெளிவாகத் தெரிந்துவிடும். வானவில் ஃபாண்ட் எந்த ஃபோனிலும் கிடையாது. விலையுயர்ந்த ஃபோன் வாங்கினாலும் அதே குப்பைதான் வரும்.

இதற்குக் கடைக்காரர்கள் கண்டுபிடித்த வழி, மாற்றி மென்பொருள். ஃபைலில் இருப்பதை நகலெடுத்து மாற்றியில் ஒட்டினால் யுனிகோடாகக் கொடுக்கும். அவசரத்துக்கு உதவுகிற நல்ல கருவிகள்தான். சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ், என்எச்எம் மாற்றி போன்றவை இல்லாவிட்டால் பல ஆயிரம் பக்கத் தமிழ் இன்று யாருக்கும் பயன்படாமல் கிடக்கும். ஆனால் ஒட்டும்போது எந்த வார்த்தை எந்த ஃபாண்டில் இருந்தது என்ற தகவல் போய்விடும். மாற்றிக்கு எல்லாமே தமிழ்தான். பாமினியில் கமா இருக்கும் இடம் ‘இ’. ஆங்கில ஃபாண்டில் ஒழுங்காக 1,50,000 என்று அடித்த கடன் தொகை, மாற்றிக்குள் போய் வெளியே வரும்போது 1இ50இ000 ஆகிவிடும். இலங்கைத் தமிழ்க் கட்டுரைகளில் எண்களுக்கு நடுவே திடீர் திடீரென்று ‘இ’ நிற்பதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அதற்குக் காரணம் இதுதான். எங்கள் உறவினர் ஒருவரின் நில மனுவில் உட்பிரிவு 2பி என்று, ‘பி’யை ஆங்கிலப் பெரிய எழுத்தாக அடித்திருந்தார்கள். மாற்றிய பிரதியில் அது 2டீ ஆகிவிட்டது, ஏனென்றால் பாமினியில் அந்த எழுத்தின் இடத்தில் இருப்பது ‘டீ’. மனு வாங்கிய அலுவலகம் அப்படி ஓர் உட்பிரிவே இல்லை என்று திருப்பி அனுப்பியது. திரும்பவும் அலைச்சல், திரும்பவும் டைப்பிங் கூலி. அந்த அலுவலகத்திலும் சொன்ன காரணம், வெர்ஷன்.

சர்க்காருக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு, தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்ற குறியேற்றங்களும் மாநிலத்தின் தரமாக அறிவிக்கப்பட்டன. ஆளுக்கொரு பட்டியல் என்ற கேட்டை ஒழிக்கத்தான் அந்த முயற்சி. அப்போதே யுனிகோடில் தமிழுக்கு இடம் இருந்தது. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே இருந்தது. கணினிகள்தான் தயாராக இல்லை. பிறகு அவையும் தயாராகி, 2010 ஜூன் 23-ஆம் தேதி, கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய அன்றே, யுனிகோடும் டேஸ்16 என்ற இன்னொரு குறியேற்றமும்தான் இனித் தமிழ்நாட்டின் தரம் என்று தகவல் தொழில்நுட்பத் துறை அரசாணை வெளியிட்டது. அதற்கு முன்பே மத்திய அரசும் மின்னாளுகைக்கு யுனிகோடுதான் என்று சொல்லிவிட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகம் மருதம் போன்ற யுனிகோடு எழுத்துருக்களை இலவசமாகவே கொடுக்கிறது. ஆணை இருக்கிறது, எழுத்துரு இருக்கிறது, செலவு இல்லை. ஆனாலும் வானவில்லில் அடித்த படிவங்கள் இன்னமும் அலுவலகங்களிலிருந்து வருகின்றன.

ஏன் என்று கேட்டால் “கை பழகிடுச்சுங்க” என்பார்கள். தட்டச்சு லோயர், ஹையர் முடித்து வேலைக்கு வந்தவர்கள் பழைய தட்டச்சுப் பலகையில்தான் வேகமாக அடிப்பார்கள், அது உண்மை. அவர்களைப் புதிதாக ஒரு பலகை கற்றுக்கொள்ளச் சொல்வது நியாயமும் இல்லை. ஆனால் யாரும் அப்படிச் சொல்லவில்லை. விரல் எந்தச் சாவியை அழுத்துகிறது என்பது வேறு, ஃபைலுக்குள் எது பதிகிறது என்பது வேறு. என்எச்எம் ரைட்டர், எ-கலப்பை போன்ற இலவசக் கருவிகளைப் போட்டுக்கொண்டால் பழைய தட்டச்சுப் பலகையிலேயே அடிக்கலாம், பாமினிப் பழக்கம் உள்ளவர் பாமினி மாதிரியே அடிக்கலாம். பதிவது யுனிகோடாக இருக்கும். ஒரு விரல்கூடப் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. இத்தனை வருடத்தில் இதை எடுத்துச் சொல்லாமல், புது வேர்டு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்ததுதான் என் ஆத்திரம்.

அந்தப் புது வேர்டுக்கு ஆகும் செலவையும் பேச வேண்டும். ஆபீஸ் 2019 விண்டோஸ் 7-இல் ஏறாது, விண்டோஸ் 10 வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. அடுத்தது 11. அதற்குத் தேவையான பாதுகாப்புச் சில்லு பழைய கணினிகளில் இல்லை. ஆக, ஒரு மனுவைத் திறக்கப் புது வேர்டு போடச் சொல்கிறவர் உண்மையில் புதுக் கணினி வாங்கச் சொல்கிறார். தறிச் சத்தத்துக்கு நடுவே மூலையில் ஒரு பழைய கணினியை வைத்துக் கணக்கு எழுதுகிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. சந்தா கட்டி வாங்கினால், சந்தா நின்ற பிறகு சொந்த ஃபைலையே படிக்கலாம், திருத்த முடியாது.

இத்தனை செலவு செய்து மாற்றினால் பழுது கூடவும் செய்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. யுனிகோடில் ஒழுங்காக அடித்தவர்களில் ஏராளமானோர் விண்டோஸ் 7 காலத்தில் லதா எழுத்துருவையே பயன்படுத்தினார்கள், ஏனென்றால் அது கணினியோடு வந்தது. விண்டோஸ் 10-இல் லதாவையும் விஜயாவையும் கூடுதல் தொகுப்பு என்று தள்ளி வைத்துவிட்டார்கள். புதிதாக விண்டோஸ் போட்ட கணினியில், தமிழை மொழிப் பட்டியலில் சேர்த்தாலோ அந்தத் தொகுப்பைத் தனியாக இறக்கினாலோ தவிர லதா இருக்காது. வேர்டு அதற்குப் பதிலாக வேறொன்றை எடுத்துப் போடும். எழுத்தின் அகலம் மாறும், வரி மடங்கும் இடம் மாறும், கையெழுத்துப் போட வேண்டிய இடம் அடுத்த பக்கத்துக்குப் போகும். இது பழைய மென்பொருளால் வந்த கேடா? புதுசு போட்டதால் வந்த கேடு.

பக்கம் கலைவது பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இதில் டைப் செய்கிறவர்களுக்கும் பங்கு இருக்கிறது. வேர்டு ஃபைல் அச்சடித்த தாள் அல்ல. திறக்கிற இடத்தில் இருக்கும் எழுத்துருவையும், பழைய வேர்டுகளில் பிரிண்டரையும்கூடப் பார்த்து, ஒவ்வொரு முறையும் பக்கத்தைப் புதிதாகக் கட்டுகிறது. இது தெரியாமல், ‘அனுப்புநர்’ இடப்பக்கமும் ‘பெறுநர்’ வலப்பக்கமும் வர வேண்டும் என்பதற்காக ஸ்பேஸ் பாரை முப்பது தடவை தட்டுகிறோம். அடுத்த பக்கத்துக்குப் போக என்டரைப் பத்து தடவை தட்டுகிறோம். நம் கணினியில் அழகாக இருக்கும். எழுத்துரு ஒரு நூல் அகலம் மாறினால் முப்பது ஸ்பேஸும் முப்பது இடத்தில் பிசகும். டேப் வைத்து, அல்லது கோடு தெரியாத ஓர் அட்டவணை போட்டு அடித்தால் எந்த வேர்டிலும் அது அதே இடத்தில் நிற்கும். பக்கம் மாற்ற கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து ஒரே தட்டு போதும். இதெல்லாம் 97-இலேயே இருந்த வசதிகள்.

தமிழுக்கென்று தனியான ஒரு சிக்கலும் டாக்எக்ஸுக்குள் இருக்கிறது. ஆங்கில எழுத்தின் அளவை ஓர் இடத்திலும், தமிழ், அரபி போன்ற எழுத்துகளின் அளவை இன்னோர் இடத்திலும் அது தனித்தனியாக எழுதி வைக்கிறது. எழுத்துருவின் பெயரும் அப்படியே. சில ஃபோன் செயலிகளும் இணையக் கருவிகளும் முதல் இடத்தில் மட்டும் எழுதிவிட்டு விட்டுவிடும். வேர்டில் திறந்தால் ஆங்கிலம் 14-இல் இருக்க, தமிழ் மட்டும் சுருங்கிக் கிடக்கும். செயலியை எழுதியவர் தமிழை நினைத்துப் பார்க்காததன் விளைவு இது. வாங்கியவரின் வெர்ஷன் இதில் எங்கே வந்தது?

“எல்லாரும் ஒரே மென்பொருள் வெச்சிருந்தா வம்பே இல்லையே” என்பது அடுத்த வாதம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு நிறுவனத்தின் கடைக்குத்தான் எல்லாரும் போக வேண்டும் என்பதை நாட்டின் விதியாக்கலாமா என்ற கேள்வி உலக அளவிலேயே எழுந்து, இந்தியா அதில் தெளிவாகப் பேசியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கவும் எழுதவும் கூடிய ஓடிஎஃப் என்ற ஆவண வடிவம் 2006-இல் சர்வதேசத் தரமானது. அதற்குப் போட்டியாக மைக்ரோசாஃப்ட் டாக்எக்ஸின் வடிவத்தைக் கொண்டுவந்தபோது, 2007 செப்டம்பர் வாக்கெடுப்பில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் எதிர்த்து வாக்களித்தது. 2008 மார்ச்சிலும் எதிர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை. தரம் நிறைவேறிய பிறகும் பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலாவோடு சேர்ந்து மேல்முறையீடு செய்தது. மேல்முறையீடு தள்ளுபடியானது வேறு விஷயம். பிரிட்டன் அரசு 2014-இல், திருத்த வேண்டிய ஆவணங்களுக்கு ஓடிஎஃப்தான் என்று தன் அலுவலகங்களுக்கு உத்தரவிட்டது. நம் மத்திய அரசு 2010-இலேயே மின்னாளுகைக்குத் திறந்த தரங்கள் என்ற கொள்கையை வெளியிட்டிருந்தது. தமிழ்நாட்டில் ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர், மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அரசுக் கணினிகளை லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் நகர்த்தும் வேலை பெரிய அளவில் நடந்தது.

2011 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அதில் காசில்லாத எழுத்து மென்பொருள் உண்டு, யுனிகோடு தமிழ் உண்டு. இந்தப் பகுதியில் பல வீடுகளுக்கு முதல் கணினியே அதுதான். சர்க்கார் கொடுத்த கணினியில், சர்க்கார் போட்டுக் கொடுத்த மென்பொருளில், சர்க்கார் ஆணையிட்ட யுனிகோடில் ஒரு பெண் தன் அம்மாவின் குழுவுக்காக விண்ணப்பம் அடித்துக் கொண்டுபோனால், “இதெல்லாம் ஓப்பன் ஆகாதும்மா, கடையில வேர்டுல அடிச்சு எடுத்துட்டு வா” என்று சொல்வதற்கு யாருக்கு உரிமை இருக்கிறது? புது வேர்டு ஓடிஎஃப் ஃபைலைத் திறக்கும். 2007-க்கே இரண்டாவது சர்வீஸ் பேக்கில் அந்த வசதி வந்துவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் திறந்து பார்த்தாலே போதும்.

பிடிஎஃப் அனுப்பினால் போதுமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முடிந்துபோன, கையெழுத்தாக வேண்டிய ஆவணத்துக்கு பிடிஎஃப்தான் சரி. அதில் எனக்கு மறுப்பு இல்லை. எழுத்துருவையும் உள்ளே வைத்துக்கொண்டு போகும், பக்கம் கலையாது. ஆனால் நம் ஊரில் கை மாறும் ஃபைல்களில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டிய படிவங்கள், திருத்த வேண்டிய வரைவுகள். குழுவின் பெயரையும் தொகையையும் மாற்றி எழுத வேண்டிய ஒன்றை பிடிஎஃப்பாகக் கொடுத்தால், வாங்கியவர் முழுதும் மறுபடி டைப் அடிக்க வேண்டும். வானவில்லில் அடித்து பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், மறுபடி ஜேயும் கேயும்தான் வரும். தேடினால் ஒரு பெயரும் கிடைக்காது. பார்வையற்றவர் கேட்கும் படிப்பான் மென்பொருள் அதை ஆங்கில எழுத்துகளாக உளறும். பத்து வருடம் கழித்து ஊர்த் தீர்மானம் ஒன்றைத் தேடுகிறவருக்கு அந்த பிடிஎஃப் வெறும் படம்.

கடைசியாக, வெளிப்படையாகச் சொல்லாமல் மனதில் வைத்திருக்கும் ஒரு வாதம்: கிராமத்து ஆட்களுக்கு இதெல்லாம் தெரியாது, அதனால்தான் குழப்பம். ஆட்டையாம்பட்டிக் கடைகளில் உட்கார்ந்து டைப் அடிக்கும் பெண்களைப் பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். காலையில் வானவில்லில் ஒரு மனு, மதியம் பாமினியில் ஒரு நோட்டீஸ், சாயங்காலம் யுனிகோடில் ஓர் இணைய விண்ணப்பம் என்று மூன்று பலகைகளில் பார்க்காமல் அடிக்கிறார்கள். எந்த அலுவலகத்துக்கு எந்த ஃபாண்ட் என்று மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அலுவலகங்கள் ஆணையை மதிக்காமல் விட்ட வேலையைச் சம்பளத்துக்கு மேல் இவர்கள் சுமக்கிறார்கள்.

ஆகவே கேட்க வேண்டியதை, கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம். பேரூராட்சியானாலும் கூட்டுறவுச் சங்கமானாலும் வங்கியானாலும், மக்கள் நிரப்புவதற்காகக் கொடுக்கும் ஒவ்வொரு தமிழ்ப் படிவமும் யுனிகோடில் இருக்க வேண்டும். பழைய ஃபாண்டில் இருப்பதை இணையத்திலிருந்து எடுத்துவிட்டு, ஆள் வைத்து எழுத்துப் பிழை பார்த்து, மாற்றி ஏற்ற வேண்டும். லதாவை நம்பாமல், இலவசமாகக் கிடைக்கும் மருதத்தையோ நோட்டோவையோ ஃபைலுக்குள்ளேயே பதித்துச் சேமிக்க வேண்டும். வேர்டில் சேமிப்பு விருப்பங்களில் அதற்கென்றே ஒரு டிக் இருக்கிறது. யுனிகோடில் வரும் மனுவை, அது எந்த மென்பொருளில் அடித்ததானாலும், வாங்கிக்கொள்ள வேண்டும். திருப்பித்தான் அனுப்ப வேண்டும் என்றால், என்ன குறை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்: எந்த எழுத்துரு, எந்தப் பக்கம், எந்த வரி. வெர்ஷன் பழசு என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பும் பதிலை எந்த மனுதாரரும் இனி ஏற்க வேண்டியதில்லை. 2010 ஜூன் 23 அரசாணையின் நகலை மனுவோடு சேர்த்து நீட்டலாம்.